சிவப்பு ஜெராக்ஸ்ல வராது

சார், கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகந்துக்கிறீங்களா? பையன் காலு உங்க மேல படுது. வெள்ளை வேட்டி வேற கட்டியிருக்கீங்க. எழுப்பலாம்னா அழுவான். அவங்கம்மா முன்னாடி எங்கயோ நிக்குது, இந்தக் கூட்டத்துல திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

இல்ல சார், என் பையன் இல்ல. மொரப்பூர்ல ஏறுச்சே ஒரு பொண்ணு, பச்சைப் புடவை, கட்டைப்பை ஒரு கையில, இவன் ஒரு கையில. நீங்க அப்பக் கண்ணை மூடியிருந்தீங்க. கம்பியைப் பிடிக்கக் கையில்லாம தடுமாறுச்சு. குடும்மா, நான் மடியில வெச்சுக்கிறேன்னு நான்தான் வாங்குனேன். வாங்குனதும் கண்டக்டர் முன்னாடி போ முன்னாடி போன்னு அதைத் தள்ளிவிட்டுட்டாரு. வாங்கியிருக்கக் கூடாது சார். உங்களை மாதிரி நானும் கண்ணை மூடிட்டு உக்காந்திருக்கணும்.

ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. இவன் எவ்வளவு கனம் இருப்பான்? ஒரு குத்துமதிப்பாச் சொல்லுங்க. பத்து கிலோவா? எல்லாரும் அப்பிடித்தான் நினைப்பாங்க. எட்டு கிலோ நூறு கிராம். தராசுல வெச்ச மாதிரி எப்பிடிச் சொல்றான்னு பாக்குறீங்களா? அதுதான் சார் என் வேலை. கொழந்தைங்க எடையை ரிப்போர்ட்டா எடுத்துத் தர்றது. கம்ப்யூட்டர்ல. பதினோரு வருஷமாப் பண்றேன், லிஸ்ட்ல இருக்குற ஒரு கொழந்தையைக்கூட இதுவரைக்கும் தூக்குனதில்ல. இன்னைக்குத்தான் மடியில வந்து விழுந்திருக்கு.

இவன் கையில ஒரு சீட்டு இருக்கு பாருங்க. தூக்கத்துலயும் விடமாட்டேங்குறான். யோகித், ரெண்டு வயசு மூணு மாசம், இந்த மாத மாற்றம் 0.6. அவ்வளவுதான் இருக்கும் அதுல. அந்தப் பொண்ணு இவனைக் கொடுக்கும்போதே சொல்லுச்சு, "அறுநூறு கிராம் ஏறியிருக்கான் சார், நேத்துதான் சீட்டு குடுத்தாங்க"ன்னு. முகமெல்லாம் சிரிப்பு.

ஏறல சார். எறங்கியிருக்கான். அறுநூறு கிராம் எறங்கியிருக்கான். அந்தச் சீட்டை அடிச்சது நான்தான்.

அந்தப் பொண்ணு மூணு ரோட்ல எறங்குது. இன்னும் நாலு ஸ்டாப்பு. அதுக்குள்ள சொல்லிரணும். சொல்லிருவேன். நடுவுல ரெயில்வே கேட் வேற போட்டுட்டானா, பஸ் நின்னுருச்சு, அது ஒருவகையில நல்லதுக்குத்தான். எப்பிடிச் சொல்றதுன்னு கொஞ்சம் யோசிக்க டைம் கிடைக்கும்.

ஏன் சார் அப்பிடிப் பாக்குறீங்க? நான் பொய் எதுவும் அடிக்கல. எண்ணை நான் மாத்தவே இல்லை. இதை முதல்ல மனசுல வாங்கிக்கோங்க. எண்ணு உள்ள அப்பிடியே இருக்கு. இப்பவும் இருக்கு. நான் மாத்துனது காட்டுற விதத்தை. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு, இல்லையா? முழுசாக் கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க.

ஒரு டிரஸ்ட்டு. பேரெல்லாம் வேண்டாம். அரூர் பக்கத்துல நாப்பத்திரெண்டு ஊருல சின்னக் கொழந்தைங்களை மாசா மாசம் எடை போடுறாங்க. அதுக்குன்னு ஊருக்கு ஊரு அக்காங்க இருக்காங்க. தொங்கு தராசுல துணித் தொட்டிலைக் கட்டி, கொழந்தையை அதுல உக்கார வெச்சு, முள்ளைப் பாத்து போன்ல தட்டிவிடுவாங்க. முன்னெல்லாம் நோட்டு வெச்சிருந்தாங்க. போன வருஷம் மேடம் நோட்டையெல்லாம் வாங்கி பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாங்க, இனிமே எல்லாம் போன்லதான்னு. அக்காங்க தட்டுனது எனக்கு வந்துரும். போன மாசம் இவ்வளவு, இந்த மாசம் இவ்வளவு, கழிச்சா மாற்றம் இவ்வளவு. அதை நான் ஊர்வாரியா லிஸ்ட்டா எடுத்து, சீட்டாவும் அடிச்சுக் கொடுப்பேன். லிஸ்ட்டைச் செவுத்துல ஒட்டுவாங்க, சீட்டை வெட்டி அம்மாக்களுக்குக் கொடுப்பாங்க. மைனஸ் வந்த கொழந்தைங்களை அக்காங்க குறிச்சு வெச்சு, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. சத்து வார்டுன்னு தனியா இருக்கு. ரெண்டு வாரம் வெச்சிருந்து தேத்தி அனுப்பிருவாங்க. நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு.

போன ஜூன்ல சென்னையிலருந்து நாலு பேரு பாக்க வந்தாங்க. எங்க டிரஸ்ட்டுக்கு உதவி பண்றவங்க. எங்க மேடம், வசுந்தரா மேடம்னு பேரு, ரொம்ப நல்லவங்க, நான் அவங்களைக் குறையே சொல்ல மாட்டேன், திரையில என் ரிப்போர்ட்டைப் போட்டுக் காட்டுனாங்க. மாற்றம் காட்டுற கட்டம் கொஞ்சம் ஒடுக்கம் சார். மைனஸ் கோடு மேல் வரியிலயும் எண்ணு கீழ் வரியிலயும் உடைஞ்சு நின்னுச்சு. வந்தவரு ஒருத்தரு, "இது என்னங்க, நடுநடுவுல கோடு கோடா இருக்கு?"ன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? பத்து வருஷத்து வேலை, கோடு கோடா இருக்குன்னு ஒரு வார்த்தையில முடிச்சுட்டாரு.

அவங்க போனப்புறம் மேடம் கூப்பிட்டாங்க. "மைனஸை எடுத்துருப்பா. கொறைஞ்சா சிவப்பு, கூடுனா கருப்பு. சிவப்பைப் பாத்தா எல்லாருக்கும் புரியும்"னாங்க. தப்பா சொன்னாங்களா? சரியாத்தான் சொன்னாங்க. பெரிய பெரிய கம்பெனியிலயே அப்பிடித்தான் போடுறாங்க.

இப்ப நான் ஒண்ணு காட்டுறேன், எண்ணு எப்பிடித் தெரியணும்னு கம்ப்யூட்டருக்குச் சொல்ற வரி. இந்த முன் சீட்டு முதுகுல தூசி இருக்குல்ல, இதுலயே எழுதுறேன். சைபர், புள்ளி, சைபர். இது முதல் பாதி. அப்புறம் ஒரு அரைப்புள்ளி. அரைப்புள்ளிக்கு முன்னால எழுதுறது கூடுன எண்ணு எப்பிடித் தெரியணுங்கறதுக்கு. பின்னால எழுதுறது கொறைஞ்ச எண்ணு எப்பிடித் தெரியணுங்கறதுக்கு. இன்னொரு அரைப்புள்ளி போட்டா அதுக்குப் பின்னால சைபருக்கு. சைபர் வந்தா சைபர்னு காட்டாம "மாற்றமில்லை"ன்னு எழுத்துல வர்ற மாதிரி வெச்சேன். நல்லா இருக்குல்ல? ஒரே வரி சார். ஒரு வரியில மூணு விதமான கொழந்தைக்கும் பதில் இருக்கு.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. பாதிப் பேருக்குத் தெரியாது. நீங்க ஒரே பாதி மட்டும் எழுதுனா, கொறைஞ்ச எண்ணுக்கு மெஷினே மைனஸ் போட்டுக்கும். ரெண்டாவது பாதியை நீங்களா எழுதிட்டீங்கன்னா, அது விட்டுரும். சரி, இவனுக்கு எல்லாம் தெரியும்போல, இவனே பாத்துப்பான்னு விட்டுரும். நீங்களா கோடு போட்டாத்தான் கோடு. நான் போடல. மறந்து போடாம விடல சார், வேணும்னேதான் போடல. ஏன்னா அதுக்குப் பதிலா சிவப்பு போட்டிருந்தேன். இதை நானாப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது, மத்தியானம் சோத்து நேரத்துல, வீடியோ பாத்து, சாம்பார் சாதத்தை ஒரு கையில வெச்சுக்கிட்டு. எவனும் சொல்லித் தரல.

மேடம் திரையில பாத்தாங்க. "அழகா இருக்குப்பா"ன்னாங்க. பதினோரு வருஷத்துல என்னைப் பாத்து அவங்க சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

யாரு ஜெராக்ஸைப் பத்தி யோசிச்சா? நீங்க யோசிப்பீங்களா? எங்க ஆபீஸ் பிரிண்டர் கருப்புதான். கலர் இங்க் தீர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு. அதுல ஒண்ணு எடுத்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஜெராக்ஸ் கடையில நாப்பத்திரெண்டு ஊருக்கும் காப்பி எடுப்பாங்க. சிவப்பு ஜெராக்ஸ்ல வராது சார். கருப்பாத்தான் வரும். ஏறுனதும் கருப்பு, எறங்குனதும் கருப்பு. கோடும் இல்ல. நாப்பத்திரெண்டு ஊருலயும் ஒரு கொழந்தைகூட எளைக்கல. எல்லாம் ஏறியிருக்கு.

ரெயில் வருது பாருங்க. கூட்ஸு. இது போறதுக்கே பத்து நிமிஷம் ஆகும். காதைப் பொத்துறேன், இவன் முழிச்சுக்கப் போறான். அட, அசையவே இல்ல. இவ்வளவு சத்தத்துக்கும் அசையல சார். இது நல்லதா கெட்டதா? எனக்கு ஒரு பொண்ணு இருக்கா, அஞ்சு வயசு, எதுத்த வீட்டுல குக்கர் கத்துனாலே எந்திரிச்சு உக்காந்துப்பா.

ஜூலை போச்சு. ஆகஸ்ட் போச்சு. யாரும் ஒண்ணும் கேக்கல. ஊரெல்லாம் சந்தோஷம். எடை போடுற அன்னைக்கு அம்மாக்கள் கூட்டம் கூட்டமா வருதுங்கன்னு அக்காங்க சொன்னாங்க. வராதா பின்ன? ஆஸ்பத்திரிக்கு அனுப்புன கணக்கு பாத்தா ரெண்டு மாசத்துல ஒருத்தர்கூட இல்ல. மேடம் அதையும் சந்தோஷமாத்தான் சொன்னாங்க.

செப்டம்பர்ல ராஜகுமாரி அக்கா வந்தாங்க. மலையடிவார ஊருங்க ஆறு அவங்க பொறுப்பு. நடந்தே போறவங்க. செருப்பைக் கையில எடுத்துட்டு வந்து நின்னாங்க என் டேபிள் முன்னாடி, செருப்பு அறுந்துருச்சு அதனால. நீங்க வேற மாதிரி நினைச்சிராதீங்க. "தம்பி, நான் தொட்டில்ல தூக்கி வெச்ச புள்ள, போன மாசத்துக்கு இந்த மாசம் கைக்கே தெரியுது, எளைச்சுருக்கு. உன் சீட்டுல ஏறியிருக்குன்னு வருது. என் கை பொய் சொல்லுதா, உன் சீட்டு பொய் சொல்லுதா?"ன்னு கேட்டாங்க.

நான் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டுனேன். பாருங்கக்கா, சிவப்பா இருக்கு பாருங்க, சிவப்புன்னா கொறைஞ்சதுன்னு அர்த்தம். அவங்க ஸ்கிரீனைப் பாத்தாங்க, கையில இருந்த லிஸ்ட்டைப் பாத்தாங்க. "என்கிட்ட இருக்குறது கருப்பு தம்பி"ன்னாங்க. திட்டியிருந்தா நானும் பதிலுக்கு ஏதாச்சும் சொல்லியிருப்பேன். அவங்க செருப்பை எடுத்துக்கிட்டு, அந்தக் கொழந்தையை அவங்களே பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போய் சத்து வார்டுல சேத்துட்டாங்க. பொண்ணுக் கொழந்தை. பதினெட்டு நாள் இருந்துச்சு. பொழைச்சுருச்சு சார். பொழைச்சுருச்சு, அதை நான் தனியா விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். சீட்டுல மூணு மாசமும் ஏறியிருந்த கொழந்தை அது.

சரி, அன்னைக்கே கோட்டைப் போட்டிருக்கலாமேன்னு கேக்குறீங்க. எல்லாரும் கேப்பாங்க. கேக்குறது சுலபம். கோடு போடுறதுக்கு ஒரு நொடி சார். பாருங்க, இந்தத் தூசியிலயே போட்டுக் காட்டுறேன். அரைப்புள்ளிக்கு அப்புறம், சைபருக்கு முன்னால, இந்தா, ஒரு கோடு. முடிஞ்சுது. இங்க போட வருது. அங்க போட எனக்குக் கை வரல.

ஏன் வரலன்னு கேளுங்க. அந்த மாசம் போட்டிருந்தா திடீர்னு நாப்பது அம்பது மைனஸ் வந்து நிக்கும். போன மாசம் வரைக்கும் ஏறிட்டே இருந்த புள்ள இந்த மாசம் எப்பிடி எறங்குச்சுன்னு அம்மாக்கள் கேக்கும். மேடம் பழசை எடுக்கச் சொல்வாங்க. எடுத்தா மூணு மாசம் மொத்தமும் வெளிய வரும். நாப்பத்திரெண்டு ஊரு செவுத்துலயும் ஒட்டியிருக்கு சார் அது. அதைவிட இன்னொண்ணு. அந்த வாரம்தான் எங்களுக்கு ஒரு ஷீல்டு கொடுத்திருந்தாங்க. எளிமையான அறிக்கைன்னு. மேடம் அதைத் தன் ரூமுல வைக்காம என் டேபிள்ல வெச்சாங்க. "இது உன்னுது"ன்னாங்க. ஏப்ரல்ல உன்னை நிரந்தரம் பண்றோம்னும் சொன்னாங்க. பதினோரு வருஷமா வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டு நீட்டிச்சுட்டு இருக்குற வேலை சார். அந்த ஷீல்டு என் கீபோர்டுக்கு நேரா நிக்குது. அந்தக் கோட்டு பட்டன்கிட்ட விரலைக் கொண்டு போனா அது என் மூஞ்சியையே பாக்குது.

ஒண்ணுமே பண்ணலன்னு நினைச்சிராதீங்க. பண்ணேன். அக்டோபர்ல கோட்டுக்குப் பதிலா அடைப்புக்குறி போட்டேன். எண்ணுக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. கணக்கு தெரிஞ்சவங்களுக்கு அடைப்புக்குறின்னா மைனஸ்னு தெரியும். ஜெராக்ஸ்லயும் வரும். மேடம் பாத்தாலும் உறுத்தாது. நல்ல யோசனைதானே? என்ன ஆச்சு தெரியுமா? "என் புள்ளைக்கு மட்டும் வளையம் போட்டிருக்காங்க"ன்னு அம்மாக்கள் பெருமையாப் பேச ஆரம்பிச்சுதுங்க. ஏதோ விசேஷம்னு நினைச்சுக்கிச்சுங்க. ஒரு ஊருல ஒரு அம்மா தேங்கா மிட்டாய் வாங்கிக் கொடுத்திருக்கு எல்லாருக்கும். வளையம் போடாத கொழந்தையோட அம்மா, எங்களுக்கு ஏன் வளையம் இல்லைன்னு வந்து சண்டை போட்டிருக்கு. மேடம் காதுக்குப் போயி, "என்னப்பா குழப்பம், பழையபடியே வை"ன்னுட்டாங்க. பழையபடின்னா எந்தப் பழையபடி? நான் கேக்கல. எடுத்துட்டேன்.

அந்த மிட்டாய் கொடுத்த அம்மாவை இப்பவும் மறக்க முடியல சார். சாப்பிட உக்காந்தா இறங்க மாட்டேங்குது. என் சம்சாரம், ஏன் இப்பிடி எளைச்சுட்டேன்னு கேக்குறா. வேலைன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

கேட் தூக்கிட்டான். கிளம்பிருச்சு.

நான் இப்ப எங்க போறேன்னு தெரியுமா? தர்மபுரியில பயிற்சி. நம்ம டிரஸ்ட்டு மாதிரி அஞ்சு டிரஸ்ட்டுலருந்து இருபத்துமூணு பேரு வர்றாங்க. அறிக்கையை எளிமையாக் காட்டுறது எப்பிடின்னு நான் சொல்லித் தரணும். இந்த வரியைத்தான். இந்தப் பையில லேப்டாப்பு, அதுல முப்பது ஸ்லைடு. கடைசி ஸ்லைடுல சின்ன எழுத்துல போட்டிருக்கேன், கலர் பிரிண்டர் இருந்தால் நல்லதுன்னு. என் மனசாட்சிக்கு நான் போட்டாச்சு. அதுக்கு மேல அவங்கவங்க பொறுப்பு.

என்ன சார், இவன் முகத்தையே பாக்குறீங்க.

இவனைப் பத்தி எனக்கு எப்பிடித் தெரிஞ்சுதுன்னுதானே யோசிக்கிறீங்க. ஒருவேளை நிஜமாவே ஏறியிருக்கலாமேன்னு. நானும் அப்பிடித்தான் நினைச்சேன், சத்தியமா. அந்தப் பொண்ணு சீட்டைக் காட்டுனப்ப, "நல்லதும்மா"ன்னுதான் சொன்னேன். அப்புறம் மடியில வெச்சுப் பாத்தேன். என் கைக்கு எடை தெரியாது, ஆனா இவன் முதுகெலும்பு என் வயித்துல உறுத்துச்சு. மாசத்துக்கு அறுநூறு கிராம் ஏறுற புள்ள இப்பிடி இருக்காது. போன்ல எங்க லிஸ்ட்டுல பேரைத் தேடி எடுத்தேன். நீங்களே பாருங்க. இந்தா, யோகித், அம்மா பேரு மேனகா. எட்டு புள்ளி ஒண்ணு. போன மாசம் எட்டு புள்ளி ஏழு. மாற்றம் 0.6. என்ன கலர் தெரியுது உங்களுக்கு? வெயில் அடிக்குதா, கையை வெச்சு மறைச்சுப் பாருங்க. சிவப்புதானே? நல்ல சிவப்பு. நான் சரியாத்தான் போட்டிருக்கேன் சார். இந்தச் சிவப்பைப் பாத்து யாரும் தப்பாப் புரிஞ்சுக்க முடியாது.

அந்தப் பொண்ணு இன்னொண்ணும் சொல்லுச்சு. அதைச் சொல்லாம விட்டுரலாம்னு பாத்தேன். "கொஞ்ச நாளா ஒழுங்காச் சாப்புட மாட்டேங்குறான் சார், எளைச்ச மாதிரி இருந்துச்சு, இன்னைக்குப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம்னுதான் இருந்தோம். நேத்து சீட்டு நல்லா வந்துச்சா, வேணாம்டி, உன் கண்ணுதான் கெட்ட கண்ணுன்னு அவரு திட்டிட்டாரு. அதான் அக்கா வூட்டுக் காதுகுத்துக்குப் போயிட்டிருக்கேன். பத்து நாள் இருந்துட்டு வருவேன்"னுச்சு. சொல்லிட்டுச் சிரிச்சுச்சு. கண்ணு சரியாத்தாம்மா இருக்குன்னு அப்பவே சொல்லியிருக்கணும். எனக்கு வாயில வந்துச்சு. கண்டக்டர் தள்ளிவிட்டுட்டாரு.

இதே பஸ் நேரா பெரியாஸ்பத்திரி வாசல்லதான் சார் நிக்கும். எறங்காம உக்காந்திருந்தாலே போதும். எறங்காதேம்மான்னு ரெண்டு வார்த்தை.

சொல்லிருவேன். மூணு ரோட்ல புள்ளையை வாங்க வரும்ல, அப்பச் சொல்லிருவேன். எப்பிடி ஆரம்பிக்கிறதுங்கறதுதான். நீங்க யாருன்னு கேக்கும். கேக்காதா? உனக்கு எப்பிடித் தெரியும்னு கேக்கும். அதுக்கப்புறம் பஸ்ஸே திரும்பிப் பாக்கும். நான் ஒரு அரைப்புள்ளியை எப்பிடி விளக்குவேன் இந்தக் கூட்டத்துல? உங்களுக்கு விளக்கவே ரெண்டு ஸ்டாப்பு ஆயிருச்சு.

என்னது, மூணு ரோடா? அதுக்குள்ளயா? நடுவுல நிக்கவே இல்லையா இவன்?

அம்மா! இந்தாம்மா, புள்ள இங்க இருக்கான்! வர முடியலையா? முன்வாசல்லயே எறங்குறியா? சரி சரி. அண்ணே, இவனைக் கொஞ்சம் வாங்கி அப்பிடியே முன்னாடி கொடுங்கண்ணே. பாத்து, தலை, தலை. தூங்குறான். பச்சைப் புடவைண்ணே, அதோ கையை நீட்டுது பாருங்க. கொடுத்துட்டாரு. அடுத்தவரு வாங்கிட்டாரு. கை மாறிக் கை மாறிப் போறான் பாருங்க. என்ன சொல்றாரு அந்தக் கட்டம் போட்ட சட்டை? "என்னப்பா, வெறும் துணி மாதிரி இருக்கான்"ங்குறாரா? அவருக்கே தெரியுது சார். தூக்குன அத்தனை பேருக்கும் தெரியுது.

வாங்கிருச்சு. எறங்கிருச்சு. திரும்பிப் பாத்துக் கும்பிடு வேற போடுது எனக்கு.

அதான் சார், வரலையே பக்கத்துல! வந்திருந்தா சொல்லியிருப்பேன். அவ்வளவு தூரத்துக்கு எப்பிடிக் கத்திச் சொல்றது? பஸ்ஸுல அத்தனை பேரு முன்னாடி? ஒரு பொண்ணுகிட்ட, உன் புள்ள தேயுதுன்னு கத்த முடியுமா? என்னை அப்பிடிப் பாக்காதீங்க. இப்ப உங்களுக்கும்தான் தெரியும். கேட்டுக்கிட்டே வந்தீங்கல்ல, எனக்குத் தெரிஞ்ச அத்தனையும் உங்களுக்கும் தெரியும். நீங்க ஏன் சொல்லல? நீங்க சொல்லியிருக்கலாமே?

என்ன சார், எந்திரிக்கிறீங்க? உங்க டிக்கெட் தர்மபுரி வரைக்குமாச்சே.

வழியா? விடுறேன் சார், ஆனா கால் மரத்துப்போச்சு. எட்டு கிலோதான், எப்பிடி மரத்துருச்சு பாருங்க, அசைக்கவே முடியல. தாண்டிப் போங்க. பரவாயில்ல, மிதிச்சுட்டுப் போங்க, வலிக்காது. அது என்ன என் மடியில? சீட்டா? கைநழுவி விழுந்துருச்சுபோல. அதை எதுக்கு எடுக்குறீங்க? சார், அந்தச் சீட்டு எதுக்கு?

கண்டக்டர்! ஹோல்டேன்! ஒருத்தர் எறங்கணும்! கண்டக்டர், காது கேக்கலையா, வண்டியை நிறுத்தச் சொல்லுங்க! அண்ணே, அவருக்கு வழி விடுங்கண்ணே, எல்லாரும் கொஞ்சம் ஒதுங்குங்க!

நின்னுருச்சு, எறங்குங்க. பச்சைப் புடவை சார், காதுகுத்து வூடு, ரோட்டோரமாத்தான் போயிட்டிருக்கும். மேனகான்னு கூப்பிடுங்க, திரும்பும். இன்னைக்கே கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. சத்து வார்டுன்னு கேட்டா காட்டுவாங்க. என் பேரை மட்டும் சொல்லிராதீங்க சார்.

ஓ, என் பேரை நான் இன்னும் உங்ககிட்டச் சொல்லவே இல்லைல்ல. நல்லதாப் போச்சு.